வடியாத குழாய்

ஜீப்பைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தும் டிரைவர், தன் குவார்ட்டர்ஸின் கொல்லையிலேயே மலைச்சரிவில் கொண்டுபோய் முட்டினான். மலையின் வயிற்றில் ஊறும் நீர் வடிய, சாலை இலாகா அங்கே வரிசையாகக் குழாய் செருகியிருந்தது. நடுக்குழாயின் வாய் நசுங்கி, ஜீப்பின் சிவப்புப் பெயின்டைப் பூசிக்கொண்டு இளித்தது. சொட்டு நின்றது. அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பூனை மண்ணைத் தள்ளும் நேர்த்தியோடு இலைதழையை இழுத்து மூடினான்.

மழை விடவில்லை. ஆனால் மற்ற குழாய்களும் ஒவ்வொன்றாக வறண்டன.

சாலை இலாகா மேஸ்திரியிடம் பட்டும்படாமல் கேட்டான். “அண்ணே, குழாய்ல வராத தண்ணி எங்க போகும்?”

“மாமியார் வீட்டுக்கு. விருந்து முடிஞ்சா தானா வந்துரும்.”

அவனும் சிரித்தான். சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும்.

அன்று அந்தியில் மின்சாரம் போயிருந்தது. தகரக்கூரையில் மழை இரைகிற சத்தத்துக்கும் அடியில், ஈரச் சாக்கை யாரோ தரையோடு மெல்ல மெல்ல இழுப்பதுபோல இன்னொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது; சேற்று வாடையும் அறுந்த வேரின் பச்சை வாடையும் அடுப்படியிலிருந்து வந்தன. முன்கதவு நிலையில் இறுகி அசைய மறுத்தது. மரம் உப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பயம் வந்திருக்கவேண்டும். பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல, அது எங்கேயோ மரத்துக் கிடந்தது.

தோளில் தூங்கும் குழந்தையோடு மனைவி வந்து நின்றாள். “என்னங்க, அடுப்படிச் சுவத்துல என்னமோ முட்டிக்கிட்டு நிக்குது.”

“எலியா இருக்கும்.”

“எலிக்கு ஏதுங்க சிவப்பு பெயின்ட்டு?”

போய்ப் பார்த்தான். காரை பெயர்ந்திருந்தது. நசுங்கிய வாய். சிவப்புக் கீற்று. அதில் ஒட்டியபடி ஓர் இலை. அவன் மூடிய இலை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு விரற்கடை வெளியே வந்தது.

சொட்டியது. செந்நீர். தரை நனையுமே என்று ஒரு கிண்ணத்தை எடுத்து அடியில் வைத்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். கம்பி. திருடன் வராமலிருக்க அவனே போட்டது.

மேஸ்திரிக்குப் போன் செய்தான்.

“குழாய்ல தண்ணி வருதுண்ணே.”

“அப்பாடா! எந்தக் குழாய்ல?”

“நடுக்குழாய்ல.”

“நான்தான் சொன்னேன்ல, விருந்து முடிஞ்சிருக்கும்.”

“எங்க அடுப்படியில வருதுண்ணே.”

கிண்ணம் நிரம்பிவிட்டது. மனைவி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, பெரிய அண்டாவை நகர்த்தி வைத்தாள்.

“கதவு?” என்றார் மேஸ்திரி.

“திறக்கல. அண்ணே, விளையாடாம சொல்லுங்க. மலை நகருதா?”

“நகரலடா,” என்றார். “வந்துருச்சு.”