சானமாவில் நின்ற சிவப்புக் கார்

காலை ஏழரை மணி. யானைகள் சாலையைக் கடந்து முடித்தன.

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில், சானமாவு காட்டுக்குள், இரண்டு பக்கமும் வண்டிகள் வெகுநேரமாக நின்றிருந்தன. கம்பெனி பஸ்கள், தக்காளி வேன்கள், பைக்குகள். தூறல் விடவே இல்லை. கடைசி யானையும் புதருக்குள் இறங்கிய பிறகு வனக்காவலர் முத்துமணி கையை அசைத்தார். வண்டிகள் நகர்ந்தன.

ஒரு கார் மட்டும் நகரவில்லை.

இரண்டே இருக்கை கொண்ட, தரையோடு தரையாகத் தாழ்ந்த, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனை அழுத்திவிட்டு, "ஹோகப்பா, ஹோகு!" என்று, நகரச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். முத்துமணி ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் கதவில் தலை சாய்த்துத் தூங்குவதுபோல் இருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு உள்ளே பூட்டியிருந்தது. கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்து உள்ளே குனிந்தபோது முத்துமணிக்கே தலை கிறுகிறுத்தது.

அந்த மனிதருக்கு உயிர் இல்லை.

இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரி எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். தர்மபுரிக்காரர். போக்குவரத்துப் பிரிவில் பல வருடம் விபத்து வண்டிகளையே பார்த்துப் பழகியவர்.

"கடைசியா எப்ப உயிரோட பாத்தீங்க?"

"வந்து நின்னதுமே பாத்தேனுங்க மேடம். யானை இருக்குது, கண்ணாடிய ஏத்திக்குங்க, எறங்காதீங்கன்னு எல்லாருக்கும் சொன்னேன். இவருகிட்ட இன்ஜின நிறுத்துங்க சாருன்னு சொன்னேன். நிறுத்தினா மறுபடி எழுப்ப முடியாதுப்பான்னு சிரிச்சாரு." முத்துமணி உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். "நான்தான் கண்ணாடிய ஏத்தச் சொன்னேன்."

"உங்க வேலைய செஞ்சீங்க. அத மனசுல வெச்சுக்காதீங்க."

மாதேஸ்வரி இறந்தவரின் முகத்தைப் பார்த்தார். அறுபது வயதிருக்கும். முகம் வெளுத்திருக்கவில்லை. கன்னமும் நகங்களும் இளஞ்சிவப்பாக இருந்தன.

"ஹார்ட் அட்டாக்குங்க மேடம்," என்றார் ஏட்டு.

"அதுல செத்தவங்க மொகம் இப்படிச் செவக்காது."

காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் இரண்டு புகைக்குழாய்கள் ஒரே அளவில், ஒரே அழகில் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் வாய் கரியேறிக் கறுத்திருந்தது. மற்றது கழுவிய டம்ளர்போலப் பளபளத்தது. அதைப் பார்த்தார், ஆனால் அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு பயணப் பையும் இலையில் கட்டிய இரண்டு இட்லிப் பொட்டலங்களும் இருந்தன. லேசான சூடு இன்னும் இருந்தது.

இருக்கைக்கு அடியில் போன் அடித்தது. மாதேஸ்வரி எடுத்தார்.

"ஏன்யா, எங்க வந்துட்டிருக்க? நான் பையோட ரோட்டுல நிக்கறேன். இட்லி வாங்கினியா, இல்ல மறந்துட்டியா?"

அவர் விஷயத்தைச் சொன்னார்.

போனில் பேசியவர் கந்தன், உத்தனப்பள்ளியில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவர். இறந்தவர் சுரேந்தர். சாத்தூர் பக்கமிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தவர். மனைவி இல்லை. ஒரே மகள் பிரவீனா போச்சம்பள்ளியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இன்ஜினீயர். ஓய்வுக்குப் பிறகு, பெங்களூரில் யாரோ கழித்துப்போட்ட இந்தக் காரை வாங்கி வந்து, கந்தனோடு சேர்ந்து ஒவ்வொரு பாகமாக உயிர்ப்பித்தார். இருவரும் அதில் கன்னியாகுமரி போய், அங்கிருந்து மேற்குக் கடற்கரையோரமாகவே மங்களூர் வரை போய், மலையேறி வீடு திரும்புவதாகத் திட்டம். அன்று காலைதான் கிளம்பும் நாள்.

பிற்பகலில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார்: "கார்பன் மோனாக்சைடு. இன்ஜின் புகை உள்ள வந்திருக்கு. பழைய வண்டி ஓட்டறவங்களுக்குப் புகை வாடை பழகிப்போயிரும், சந்தேகமே வராது. சும்மா தூக்கம் வர்ற மாதிரி இருந்திருக்கும்."

வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளர் காருக்கடியிலிருந்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இன்ஜின்ல இருந்து புகைக்குழாய் சேர்ற ஜாயின்ட்ல, புகை கசியாம இருக்க வெக்கிற பேக்கிங் பிய்ச்சுக்கிச்சு. கியர் ராடு பக்கத்துல ரப்பர் கிழிஞ்சிருக்கு, அது வழியா புகை உள்ள ஏறியிருக்கு. மெக்கானிக் சரியா மாட்டல. ஆனா புது பேக்கிங் மேடம். இப்படிச் சிதறினது கொஞ்சம் ஆச்சரியம்தான்."

மாலை நாலு மணிக்குக் கந்தன் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். பயணத்துக்கென்று போட்ட புதுச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது.

"பேக்கிங் மாட்டினது யாரு?"

"நான்தாங்க."

"அப்புறம் ஓட்டிப் பாத்தீங்களா?"

"நேத்து ரெண்டு பேரும் கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு வந்தோங்க."

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சா?"

"மழைங்க. ஏத்தித்தான் இருந்துச்சு."

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல."

கந்தன் தரையைப் பார்த்தார்.

"இந்தப் பயணம் யாருக்காச்சும் பிடிக்காம இருந்துச்சா?"

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என் தப்புதான். போல்ட்ட சரியா முறுக்காம விட்டுட்டேன். எழுதிக்குங்க மேடம், எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

இத்தனை வருட வேலையில் தப்பை மறுப்பவர்களைத்தான் மாதேஸ்வரி பார்த்திருக்கிறார். இவ்வளவு அவசரமாகத் தப்பைக் கேட்டு வாங்கிக்கொள்பவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் ஆய்வாளரின் அறிக்கை இருந்தது, கந்தனின் வாக்குமூலம் இருந்தது. அவரை நிலையத்திலேயே வைத்துவிட்டு ஓசூருக்குப் போனார்.

பிரவீனா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வைத்துவிட்டுப் போன காபி ஆடை கட்டிக் கிடந்தது.

"அப்பாவுக்கு அப்பப்ப மயக்கம் வரும் மேடம். மார்ச் மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டார். டிரைவ் பண்ணவே கூடாதுன்னு டாக்டர் சொன்னார். கந்தன் மாமாதான் ஓட்டுவார், உத்தனப்பள்ளி வரைக்கும்தானே நான்னு சொன்னார். எனக்குத் தெரியாதா? ஸ்டியரிங்க யாருக்கும் தர மாட்டார். மலை ரோட்ல மயக்கம் வந்தா என்ன ஆகும்?"

"காலையில கெளம்பறப்ப பாத்தீங்களா?"

"இல்ல. தூங்கிட்டு இருந்தேன். முந்தின நாள் பெரிய சண்டை. பேசாமயே படுத்துட்டேன்." மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சுடிதார் பையிலிருந்த ஒரு நீலத் துணியால் துடைத்தாள். துடைத்த பிறகும் கண்ணாடி கலங்கியே இருந்தது.

"கார் நல்லாத்தான் எழும்புச்சா?"

"ஸ்டார்ட்டே ஆகல. நாலஞ்சு தடவை ட்ரை பண்ணார். அப்பாடா, இன்னிக்குப் போகமாட்டார்னு நெனச்சேன். அப்புறம் டப்புன்னு ஒரு பெரிய சத்தம். உடனே எழும்பிடுச்சு." காபி டம்ளரை நகர்த்தி வைத்தாள். "கந்தன் மாமாவ விட்ருங்க மேடம். அவர் வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்."

மாதேஸ்வரி ஜீப்பில் ஏறினார். பத்தலப்பள்ளி தாண்டும்வரை அந்தச் சத்தம்தான் மனதில் ஓடியது. தூங்கியவளுக்கு நாலைந்து முறை முயன்றது எப்படித் தெரிந்தது? அது இருக்கட்டும், சண்டை போட்ட மனம் தூங்காமல் கேட்டிருக்கும். ஆனால் அந்த 'டப்'? அதுதான் பேக்கிங் சிதறிய சத்தம். ஓடும்போது தளர்ந்து போகவில்லை, கிளம்பும்போதே வெடித்திருக்கிறது. முந்தின நாள் கிருஷ்ணகிரி போய்வந்த பேக்கிங் ஏன் காலையில் வெடிக்க வேண்டும்? புகை வெளியே போகும் வழி அடைபட்டிருந்தால் வெடிக்கும்.

நிலையத்து முற்றத்தில் சிவப்புக் கார் நின்றது. மாதேஸ்வரி அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கறுத்த குழாய்க்குள் டார்ச் அடித்தார். காலி. பளபளத்த குழாய்க்குள் விரல் விட்டார். விரலில் துளிக் கரியும் ஒட்டவில்லை. டார்ச் அடித்தார். உள்ளே தள்ளி ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கம்பியை வளைத்து இழுத்தார்.

இறுகச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து அடைத்த நீலத் துணி வந்தது. ஒரு நூல்கூடப் பிரியாத வழவழப்பான துணி.

கந்தனை வெளியே அழைத்து வரச் சொன்னார்.

"இந்தக் குழாய் எதோட சேருது?"

"எதோடவும் சேராதுங்க. அது டம்மி. ரெண்டு பைப் இருந்தாத்தான்யா ஸ்போர்ட்ஸ் காருன்னு சொல்லி அவனே லேத்துல கடைஞ்சான், நான் வெல்டு வெச்சேன். எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும்..." அப்போதுதான் மாதேஸ்வரியின் கையில் இருந்த துணி அவர் கண்ணில் பட்டது.

"சேராத குழாய்ல துணிய அடைச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. அது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒருத்தர்தான் ரெண்டுலயும் அடைச்சிருக்காங்க. நிஜமான குழாய்ல இருந்தது புகை வேகத்துல ரோட்டுல எங்கயோ தெறிச்சு விழுந்துருச்சு. ஆனா அதுக்குள்ள பேக்கிங் வெடிச்சிருச்சு. டம்மிக் குழாய்ல எந்தப் புகையும் வராததால இது மட்டும் அப்படியே இருக்கு. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில சர்க்யூட் போர்டு துடைக்கிற துணி இது. இன்னிக்கு சாயங்காலம் இதே துணியால பிரவீனா கண்ணாடி துடைச்சத நான் பாத்தேன்."

கந்தன் காரின் மீது கை ஊன்றிக்கொண்டு அழுதார்.

"போன வாரம் பாப்பா ஷாப்புக்கு வந்துச்சுங்க. எதையாச்சும் ஒண்ண கழட்டி வெச்சுருங்க மாமா, அவர் போகக் கூடாதுன்னு அழுதுச்சு. நான் முடியாதுன்னுட்டேன். அவன் அந்தப் பயணத்துக்காக அவ்வளவு ஆசையா இருந்தான். எனக்கு மனசு வரல. கழட்டியிருந்தேன்னா இன்னிக்கு அவன் இருந்திருப்பான்."

"அதான் பழிய நீங்க ஏத்துக்கிட்டீங்களா?"

"காலையில நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துருச்சுங்க. மேடம், அந்தத் துணிய எரிச்சுருங்க. மெக்கானிக் தப்புன்னு நெனச்சா அந்தப் புள்ள எப்படியோ பொழைச்சுக்கும். இது தெரிஞ்சா பொழைக்காது. எனக்கு என்னங்க, நான் உள்ள இருந்துட்டு வந்துடறேன்."

மாதேஸ்வரி கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவருக்கும் ஒரு மகள் உண்டு.

"நீங்க செய்யாததுக்கு உங்கள என்னால அனுப்ப முடியாது," என்றார். "அதோட, அந்தச் சத்தத்த அவ கேட்டிருக்கா. இன்னிக்கு இல்லேன்னாலும் என்னிக்காச்சும் அது என்னன்னு அவளுக்கே தோணும். அன்னைக்கு அவ பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

மறுநாள் காலை, சுரேந்தரின் உடலை அடக்கம் செய்து முடித்த பிறகு, மாதேஸ்வரி சாதாரண உடையில் பிரவீனா வீட்டுக்குப் போனார். துணியை மேஜையில் வைத்தார். பிரவீனா அதைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

"அப்பா குளிக்கப் போனப்ப வெச்சேன். அடைச்சா வண்டி எழும்பாதுன்னு போன்ல ஒரு வீடியோ பாத்தேன். எழும்பாது, கோவப்படுவார், அப்புறம் இட்லி சாப்ட்டுட்டு உக்காந்துடுவார்னு நெனச்சேன். எழும்பிடுச்சு. சரி, துணி தெறிச்சு விழுந்துருக்கும்னு..." அவள் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேக்கிங்தான் காரணம்னு சொன்னாங்களே மேடம். மாமாவே ஒத்துக்கிட்டாரே."

"பேக்கிங் வெடிச்சது இதனாலம்மா. அவர் உனக்காகப் பொய் சொன்னார்."

பிரவீனா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. மாதேஸ்வரி அவள் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா கஷ்டப்பட்டாரா?"

"இல்ல. டாக்டர் சொன்னது நிஜம். யானை போறதப் பாத்துக்கிட்டே தூங்கியிருப்பார்."

"நான் கூப்பிட்டிருக்கலாம். எழுந்து வெளிய போய், துணி வெச்சிருக்கேன் பாருங்கன்னு சொல்லியிருக்கலாம். கோவத்துல படுத்தே கெடந்தேன்."

மாதேஸ்வரி அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு பதிவானது. கொல்லும் எண்ணம் இல்லை என்பதை மாதேஸ்வரியே தெளிவாக எழுதினார். கந்தன் விடுவிக்கப்பட்டார். பிரவீனாவை ஓசூர் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தியபோது ஜாமீன் கிடைத்தது. பிணைக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்றார் வக்கீல். சாத்தூர் உறவுக்காரர்கள் யாரும் வந்திருக்கவில்லை. விஷயம் தெரிந்த பிறகு அவர்கள் போனையும் எடுக்கவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் தலைகுனிந்து நின்ற பிரவீனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். செருப்பைப் பார்த்தே யாரென்று அவளுக்குத் தெரிந்தது. நிமிரவில்லை.

"நீங்க எதுக்கு மாமா வந்தீங்க? உங்க சிநேகிதரக் கொன்னவ நான்."

கந்தன் நில வரி ரசீதையும் ஆதார் அட்டையையும் வக்கீலிடம் கொடுத்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் வர முடியாதில்ல பாப்பா," என்றார். "அதான் நான் வந்தேன்."

அப்போதுதான் பிரவீனா அழுதாள். அன்றுவரை வராத அழுகை. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கந்தன் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை அப்படியே நின்றார்.