காயாத கறுப்பு

மற்ற நிறமெல்லாம் காய்ந்துவிட்டது. கறுப்பு மட்டும் ஈரமாகவே இருந்தது. ஹெஸ்டர் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள், ஒட்டியது. நியூ மெக்ஸிகோவின் அந்த மேட்டுப் பாலைவனத்தில் காலையில் பிசைந்த மாவு மதியத்துக்குள் தோல் கட்டிவிடும், உதடு வெடிக்கும், கதவுப் பலகை பிளக்கும். அப்படிப்பட்ட ஊரில், அவள் வரைந்த மண்சுவரும் மஞ்சள் புதர்களும் இறுகிப்போன பிறகும், சுவரோரம் விழுந்த அந்த நிழல் மட்டும் இப்போதுதான் பூசியதுபோல் பளபளத்தது. எலும்புக் கறுப்பு மெதுவாகத்தான் காயும், தூரிகை பிடித்த எவருக்கும் தெரியும். அதற்காக இத்தனை நாளா?

போர் நடந்ததால் கிழக்கு நகரங்களிலிருந்து வண்ணக் குழாய்கள் வராமல் நின்றுபோன வருடம் அது. அங்கே குடியேறியிருந்த ஓவியர்கள் எல்லோரும் கறுப்புக்குத் தவித்தபோது வழி சொன்னவன் அவர்களில் ஒருவனான ஓட்டிஸ். வறண்ட ஓடையில் திடீர் வெள்ளம் அடித்துக் குவித்துவிட்டுப் போன எலும்புச் சில்லுகளைச் சாக்கில் அள்ளிவந்தான். தகர டப்பாவில் அடைத்து, மூடியை மண்ணால் பூசி, ஹெஸ்டர் வீட்டு முற்றத்து ரொட்டி அடுப்பில் பகல் முழுக்க எரித்தான். அந்தக் கரியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் கறுப்பு.

"கடைச் சரக்கெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்," என்று பீற்றிக்கொண்டான்.

சமையல் செய்யும் யூஃபேமியா முகத்தைச் சுளித்தாள். "நல்ல அடுப்பைக் கெடுத்துட்டீங்களே. இனிமே நான் இதுல ரொட்டி சுட மாட்டேன்."

"ஏன்க்கா, செத்த மாடு வந்து பங்கு கேக்குமா?"

"மாடு கேக்காது," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். சொன்னபடியே அடுப்பை மறுபடி தொடவில்லை.

ஹெஸ்டருக்கு அடுப்பைப் பற்றிக் கவலைப்பட மனமில்லை. போன வருடக் கோடையில் படம் எழுதக் கிளம்பிய அவள் புருஷன் லோரன் திரும்பவே இல்லை. மாடலாக வந்த பெண்ணோடு கலிஃபோர்னியாவுக்கு ஓடிவிட்டான் என்று ஊர் பேசியது. வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அவள் நம்பவில்லை. முழங்கால் சில்லு உடைந்து, சிகாகோ டாக்டர் வெள்ளிக் கம்பியால் கட்டிவிட்ட கால் அவனுக்கு. அதை மடக்க முடியாது. அந்தக் காலை இழுத்துக்கொண்டு எங்கே ஓடுவான்?

"கழுதை கெட்டா குட்டிச்சுவரு. வந்துடுவான், விடு," என்பான் ஓட்டிஸ். ஹெஸ்டரின் அண்ணன் பாஸ்டனுக்கே வந்துவிடச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தான். அவள் போகவில்லை. வாசலில் அரிக்கேன் விளக்கைத் தினமும் ஏற்றி வைத்தாள். லோரன் எப்போது வீடு திரும்பினாலும் முதல் வேலையாக அந்த விளக்கை ஊதி அணைப்பான், பிறகுதான் தொப்பியைக் கழற்றுவான். எந்தக் கோலத்திலாவது வந்து அதை அணைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் யூஃபேமியா வீட்டுக்குப் போன பிறகு காற்று விழுந்தது. கூரை உத்தரங்கள் குளிர்ந்து முனகின. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை மெல்ல எழுந்தது. நனைந்த கம்பளி, சோம்பு கலந்த புகையிலை. லோரன் பைப்பில் போட்டுப் பிடிக்கும் புகையிலை. கதவைத் திறந்து பார்த்தாள். மணலும் விளக்கும்தான் இருந்தன. திரும்பி வந்து படத்தைப் பார்த்தபோது நிழல் அவள் வரைந்த இடத்தில் இல்லை. சுவரைத் தாண்டி, வரைந்த வாசற்படி வரை வந்திருந்தது. அதற்கு இப்போது ஆள் உருவம், ஒரு கால் விறைத்து நீட்டியிருந்தது.

எண்ணெய் கூடிவிட்டது, அதனால் வழிந்திருக்கிறது. அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். கெட்டியாக அரைத்து மறுபடி பூசினால் சரியாகிவிடும். மிச்சமிருந்த கரியைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, குழவியால் தேய்த்தாள். கரகரவென்று அரைபட்டது. அப்புறம் கிறீச்சென்றது. கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல்.

கரியைத் துணியால் துடைத்தாள். உள்ளே ஒரு கம்பி, இரண்டு முனையும் சேர்த்து முறுக்கியது. துடைக்கத் துடைக்க வெள்ளையாக மின்னியது.

வெள்ளி.

அவளுக்கு அழுகை வரவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்தது. தூரிகை முனை கூராக நிற்க உதட்டில் வைத்து உறிஞ்சி இழுப்பது அவள் பழக்கம், எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஒவ்வொரு நாளும் அந்தக் கறுப்பைத் தொட்டாள். ஒவ்வொரு முறையும் உதட்டில் வைத்தாள்.

நிலைக்கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்தாள். நாக்கு கறுப்பு. ஈறு கறுப்பு. தொண்டைக்குள்ளும் கறுப்பு, ஈரமாக, பளபளவென்று. தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்பளித்தாள். துப்பிய தண்ணீர் தெளிவாகவே விழுந்தது. ஒரு பொட்டுக்கூட வரவில்லை.

முற்றத்தில் சத்தம் கேட்டது. டக். சர்ர். டக். சர்ர். அவள் மூச்சைப் பிடித்தாள். கனவில் எத்தனை தரம் கேட்ட நடை அது. வந்துவிட்டான் என்று ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சத்தம் அறைக்குள் வந்தது. யாரும் இல்லை. படத்தைப் பார்த்தாள். வெறும் சுவர். நிழலே இல்லை.

டக். சர்ர்.

குனிந்தாள். நகர்ந்தது அவள் கால். இடது முழங்கால் மடங்க மறுத்தது. நிற்க நினைத்தாள். கால் நிற்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன.

வாசல். விளக்கு.

அவள் கை அதைக் கொக்கியிலிருந்து எடுத்தது. அதன் கண்ணாடியைத் தூக்கியது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சோம்புப் புகையிலை மணத்தோடு அந்த வாய் குவிந்து, விளக்கை ஊதி அணைத்தது.