மூன்று சிவப்புத் துணிகள்

பேபி வாசலில் வந்து நின்றபோது கன்னியப்பன் தலையைத் தூக்கவே இல்லை. கால் மெட்டியைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டான். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த மெட்டியைப் போட்டுவிட ஆசைப்பட்டவன் அவன், போட்டுவிட்டவன் தங்கவேல். அன்று முதல் தங்கவேலின் பெயரைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

ரயில்வே போலீஸிலிருந்து ஓய்வுபெற்றுத் துப்பறியும் வேலை பார்த்துவந்த ஜானகிராமனின் பூந்தமல்லி வீடு அது. கன்னியப்பன் அவருக்கு வலது கை.

"அய்யா, எங்க ஊட்டுக்காரர் மேல பழி போட்டுட்டாங்க. நாளைக்குப் போலீசுல புடிச்சிக் குடுக்கப் போறாங்களாம்" என்று பேபி அழுதாள்.

"அழாமல் சொல்லம்மா" என்றார் ஜானகிராமன்.

அது 1946, புரட்டாசி. வெள்ளானூருக்கு அப்பால் சண்டைக்காலத்தில் போட்ட ஓடுபாதையிலிருந்து ஒரு புதுக் கம்பெனி பெங்களூருக்கு விமானம் விட்டுக்கொண்டிருந்தது. நிற்கும் விமானத்தின் இறக்கைத் தகடுகளும் வால் தகடும் காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க மூன்று மரப்பூட்டுகள் மாட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி தொங்கும். புறப்படுமுன் சைகைக்காரன் மூன்றையும் விமானிக்கு எதிரே உயர்த்திக் காட்டவேண்டும். இன்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. மூன்று சிவப்பைப் பார்த்துவிட்டால் விமானி கிளம்பிவிடுவார்.

முந்தாநாள் காலை சைகைக்காரன் தங்கவேல் மூன்றைக் காட்டினான். ஆனால் வாலில் பூட்டு அப்படியே இருந்தது. விமானம் பாதையை விட்டு விலகி ஏரிக்கரையில் மோதியது. விமானிக்குக் கை முறிந்தது. பயணிகள் பதினோரு பேரும் பிழைத்தது யார் செய்த புண்ணியமோ!

"அப்படியானால் காட்டிய மூன்றாவது பூட்டு எது?"

"கொட்டகையில கீற உபரிப் பூட்டாம். மழைச் சேத்துல வால் பக்கம் போவ சோம்பப்பட்டு இவரே அத்த எடுத்துக் காட்டிட்டாருன்னு சொல்றாங்க. இவரு இன்னா சொல்றாருன்னா, இவருக்குக் கீழ வேல பாக்குற நாகப்பன்தான் வால் பக்கத்துலேந்து வந்து, 'அத்த நான் கழட்டிட்டேன், புடி'ன்னு கையில குடுத்தாராம். அவரு இல்லன்றாரு."

"கொட்டகைச் சாவி யாரிடம்?"

"இவருகிட்டதான். ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் நாகப்பன்கிட்ட குடுத்தாரு. எங்க பெரிய மாமனார் செத்துட்டாரு, பங்காளித் தீட்டு. அதனால இவரு கொட்டகைப் பக்கமே போவல. சாயங்காலம் சாவி திரும்பி வந்துருச்சு."

சோம்பேறிதான், நிச்சயம் அவன்தான் என்று கன்னியப்பனின் மனசு குதித்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் அதிகம்.

அன்று பகலே மூவரும் ஓடுபாதைக்குப் போனார்கள். மானேஜர் திருவேங்கடம் தன் அறை மேஜைமேல் நான்கு பூட்டுகளையும் எடுத்து வைத்தார். மூன்றில் இரவு மழையில் ஊறிய துணிச் சாயம் மரத்தில் இறங்கியிருந்தது. ஒன்றில் மட்டும் சாயம் இறங்கவில்லை. அதுதான் மழை படாத உபரிப் பூட்டு.

"இதை நன்றாகப் பார்த்துவை" என்று சொல்லிவிட்டு, ஜானகிராமன் மானேஜரோடு கொட்டகையைப் பார்க்கப் போனார்.

கன்னியப்பன் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேல்புறம் துடைத்ததுபோல் இருந்தது. ஆணித்தலைக்குக் கீழே, இரண்டு பலகைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்தான். சந்தனம். நடுவில் ஒரு துளி குங்குமம்.

அது தங்கவேலைக் காப்பாற்றும் என்று அவனுக்குச் சட்டென்று புரிந்தது. நகத்தால் ஒரு கீறு கீறினால் உதிர்ந்துவிடும் என்பதும் புரிந்தது. தங்கவேல் உள்ளே போவான். பேபி தனியாக நிற்பாள். அப்புறம்? நகத்தை வைத்தான். கொஞ்சம் உதிர்ந்தது.

ஜன்னலுக்கு வெளியே மரநிழலில் தங்கவேல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பத்தடி தள்ளி நாகப்பன் நின்று, தங்கவேல் தலையிலிருந்த கம்பெனித் தொப்பியையே வெறித்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை கன்னியப்பனுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நாலு வருஷமாகத் திருமழிசைத் தெருவில் எதிர்ப்படும் தங்கவேலை அவன் பார்த்துவந்த பார்வையேதான். அவனுக்கு உடம்பு கூசியது. கையை எடுத்துவிட்டான்.

கொட்டகையிலிருந்து திரும்பிய ஜானகிராமன் எல்லோரையும் மானேஜர் அறைக்குக் கூப்பிட்டார்.

"நாகப்பன், ஆயுத பூஜையை யார் செய்தது?"

"நான்தான் சாமி. சுத்தி, ஸ்பேனர் ஒண்ணு விடாம என் கையாலதான் சந்தனம் வெச்சேன். வேற யாரு கையும் படல."

"உபரிப் பூட்டுக்கு?"

"அது அன்னிக்கே அங்க இல்ல சாமி. இவன் அதுக்கு முன்னாடியே எடுத்துகினு பூட்டான்."

"கன்னியப்பா, என்ன பார்த்தாய்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பேபி பார்க்கவில்லை, அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் பூட்டைக் கையில் எடுத்தான்.

"இடுக்குல சந்தனமும் குங்குமமும் கீதுங்க. மேல துடைச்சிருக்காங்க" என்று பூட்டை நீட்டினான்.

"கம்பெனி தொடங்கி எட்டு மாதம். இது முதல் ஆயுத பூஜை" என்றார் ஜானகிராமன். "அங்கே இல்லாத பூட்டுக்கு உன் கைச் சந்தனம் எப்படி வந்தது? பூஜையன்று சாவி உன்னிடம் இருந்தது. பூட்டுக்கும் பொட்டு வைத்தாய். அப்புறம்தான் உனக்கு யோசனை வந்திருக்கிறது. துடைத்து எடுத்து ஒளித்துவைத்தாய். முந்தாநாள் வாலைத் தொடாமலே அதை இவன் கையில் கொடுத்தாய்."

நாகப்பன் உதட்டைக் கடித்தான். பிறகு உடைந்துபோய்க் கத்தினான்.

"எங்க கழனியில நாத்து நட்டவன் புள்ள இவன்! இவன் கையைத் தூக்கினா ஏரோப்ளேன் போவுது, நான் இவனுக்குக் கட்டை தூக்கணுமா? கெளம்பும்போதே வாலு அசையலன்னு தெரிஞ்சி திரும்பிடும், இவன் வேலை போவும்னுதான் நெனச்சேன். கை ஒடியும்னு நெனைக்கல."

"பதினோரு பேர் இருந்தார்கள்" என்றார் திருவேங்கடம்.

தங்கவேல் அழுதான். பேபி அவன் தொப்பியைச் சரிசெய்துவிட்டு நேராகக் கன்னியப்பனிடம் வந்து, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவனிடம் பேசினாள்.

"என் தாலியக் காப்பாத்திக் குடுத்த அண்ணாத்தே நீ. வர்ற ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வந்து சாப்புடணும். இவரு உன்ன வந்து இட்டுகினு போவாரு."

அவன் நகத்தில் சந்தனத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது; அவள் அதைப் பார்க்கவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முன்னைவிட எரிந்தது.

"வரேம்மா" என்றான் கன்னியப்பன்.