எண்ணெய் பட்ட முத்திரை

காலையில் நறுமுகை பால் பாக்கெட்டை ஒளிகாட்டியில் காட்டினாள். பச்சை எரிந்தது. பற்பசைக்கும் பச்சை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்ததும் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

போலி மருந்தால் நாற்பதாயிரம் பேர் செத்த ஆண்டிலிருந்து எல்லாப் பொருளிலும் நுண்ணொளி முத்திரை. அதில் சாயம் இல்லை. கண்ணுக்குத் தெரியாத குழிகள்தான். ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது பிறக்கும் பச்சையை எந்தத் திருடனாலும் உண்டாக்க முடியாது.

பதினோரு மணிக்கு ஹரிணியை அவள் கணவன் கிஷோர் தூக்கிக்கொண்டு வந்தான். கரும்புக் காட்டில் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. கால் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது.

மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் லோகேஷ், தலை நரைத்த மனிதர், விஷமுறிவுப் பெட்டியோடு ஓடி வந்தார். இருந்தது அது ஒன்றுதான். நறுமுகை ஒளிகாட்டியில் வைத்தாள். சிவப்பு.

"இதை என்ன செஞ்சீங்க?"

"நேத்து ஆயுத பூஜை டாக்டரம்மா. இதுவும் உசுரு காக்குற ஆயுதம்தானேன்னு பொட்டு வச்சேன். குங்குமம் ஒட்டட்டும்னு ஒரு சொட்டு எண்ணெய்..."

"எந்த இடத்துல?"

"பளபளன்னு இருந்துச்சே, அங்கதான்."

குழிகளில் எண்ணெய் நிறைந்தால் நிறம் மாறிவிடும். நறுமுகை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, மறுபடி வைத்தாள். பச்சை எரிந்தது. ஆனால் திரையில் 'முத்திரை ரத்து' என்ற வரி அப்படியே நின்றது. முத்திரைகளைக் கண்காணிக்கும் மையத்தை அழைத்தாள்.

"முதல் வாசிப்புதான் செல்லும் மேடம். அழிச்சிடுங்க."

"இப்ப பச்சை எரியுது. கேமராவுல பாருங்க."

"எரியுது மேடம். ஆனா செல்லாது. வேற பெட்டி வர நாலு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் விஷம் ஏறாம இருக்கணும்னு பாம்புகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

இணைப்பைத் துண்டித்து, பெட்டியைக் கிழித்து மருந்தை எடுத்தாள்.

"உங்க வேலை போயிடும்மா" என்றார் லோகேஷ்.

"போகட்டும். அவ கையை அசையாம பிடிங்க."

மாலையில் ரத்தக் கசிவு நின்றது. ஹரிணி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அப்போது கிஷோர் கைபேசியை நீட்டியபடி வந்தான். மையம் அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தது.

"என் பொண்டாட்டிக்குப் போலி மருந்தைப் போட்டிருக்கீங்களா?"

"போலின்னா அவங்க கஞ்சி குடிச்சிட்டு இருப்பாங்களா?"

"இன்னைக்குக் குடிக்கிறா. நாளைக்கு என்ன ஆகுமோ! சிவப்பு எரிஞ்சதை நீங்களே பாத்தீங்கல்ல?"

யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியறியாத நறுமுகை, "உயிரோட இருக்காங்க! கண்ணைத் திறந்து உங்க பொண்டாட்டியைப் பாருங்க!" என்று கத்தினாள்.

வார்டே திரும்பிப் பார்த்தது. கிஷோர் மட்டும் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனை விலக்கிவிட்டுக் கட்டிலருகே போய், நாடி பார்க்கக் கை நீட்டினாள். ஹரிணி தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல மருந்து வர்ற வரைக்கும் என்னைத் தொடாதீங்க."