ஐம்பத்தேழாம் வில்லை

நீச்சல் நேரம் முடிந்து, பிள்ளைகள் எல்லோரும் துண்டைப் போர்த்திக்கொண்டு புல்தரையில் நின்ற பிறகும், படித்துறைப் பலகையில் ஒரு வில்லை மட்டும் சிவப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு தொங்கியது.

ஏரிக்குள் இறங்கும் ஒவ்வொரு பிள்ளையும் தன் எண் போட்ட மர வில்லையைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு இறங்க வேண்டும். கரையேறியதும் தன் கையாலேயே வெள்ளைக்குத் திருப்ப வேண்டும். சிவப்பு தெரிந்தால் தண்ணீருக்குள் இன்னும் ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். கோடை விடுமுறையில் ஏரிக்கரையில் ஒரு சர்ச் பிள்ளைகளுக்காக நடத்தும் கேம்பில் கரைக்காவல் வேலைக்கு வந்திருந்த கெண்ட்ரா, தினமும் மாலை நான்கு மணிக்கு அந்தப் பலகையைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இருபது வயதுக்குள் இதைவிடப் பெரிய பொறுப்பை யாரும் அவளிடம் கொடுத்ததில்லை.

அந்த வாரம் வந்திருந்தவர்கள் ஐம்பத்தாறு பேர். சிவப்பாகத் தொங்கியது ஐம்பத்தேழாம் எண்.

மூன்று முறை தலையை எண்ணினாள். ஐம்பத்தாறும் நின்றன. வில்லையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வெயிலில் மற்றதெல்லாம் காய்ந்து வெளுத்திருக்க, இது மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது, ஏரியின் அடியில் வருசக்கணக்காக ஊறிய இலையின் அழுகல் வாடை அதிலிருந்து எழுந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. கேம்பை நடத்தும் பாஸ்டர் ப்ரூயட்டிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சிரித்தார்.

“பழசு எதையோ யாரோ மாட்டியிருக்காங்க மகளே. தூக்கிப் போடு. ஆராதனை மணி அடிச்சாச்சு பாரு.”

அவள் அவருக்கு மகள் இல்லை. அவர் அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சொன்னபடி தூக்கிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் நான்கு மணிக்கு அது பலகையில் இருந்தது. சிவப்பு. ஈரம்.

இந்த முறை அடுப்பில் போட்டு எரித்துவிடலாம் என்று சமையல்கட்டுக்கு எடுத்துப் போனாள். முப்பது வருசமாக அங்கே சமைக்கும் வெர்னா, சோளரொட்டித் தட்டை இறக்கப் போனவள், வில்லையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“இத எங்கடி எடுத்த?”

“பலகையில தொங்குது. யாரோடது இது?”

வெர்னா கதவைச் சாத்தினாள். “இருபத்திரெண்டு வருசமாச்சு. அன்னைக்கும் மணி அடிச்சுது. பாட்டுக்கு லேட்டாகுதுன்னு பிள்ளைங்களத் திருப்ப விடாம, ஒருத்தன் ஓடிவந்து மொத்த வில்லையையும் தானே வெள்ளையாத் திருப்பிட்டான். ராத்திரி ஒரு தட்டு மிச்சமானப்பதான் ஐம்பத்தேழாம் பிள்ளை வரலன்னு எனக்கே தெரிஞ்சுது.”

“ஏரியில தேடினீங்களா?”

“பலகையில எல்லாம் வெள்ளையா இருக்கே, பிள்ளை காட்டுப்பக்கம் போயிருக்கும்னு சொன்னான். மூணு நாள் காட்டத்தான் தேடினாங்க.”

“சொன்னது யாரு?”

“அப்ப அவன் பாஸ்டர் இல்ல. உன்ன மாதிரி கோடை வேலைக்கு வந்தவன்.”

“நீங்க யாரும் வாயத் திறக்கலியா?”

“ஜெபம் பண்ணினோம்,” என்றாள் வெர்னா, தட்டைப் பார்த்தபடி.

அன்றிரவு கெண்ட்ரா தூங்கவில்லை. பயம் இருந்தது, ஆனால் அதற்கு மேலே கோபம் இருந்தது. தினமும் காலையில் அந்த மனுசன் பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, காணாமல்போன ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றிக் கண் கலங்கப் பேசுகிறான். பேசிவிட்டு அவர்களையே அதே தண்ணீரில் இறக்குகிறான்.

மறுநாள் புதன்கிழமை, நான்கு மணி. ஐம்பத்தாறு பிள்ளைகள் கரையில். பலகையில் மறுபடியும் ஐம்பத்தேழு, சிவப்பு.

விசிலை எடுத்து நீளமாக மூன்று முறை ஊதினாள். பிள்ளை தொலைந்தால் ஊதுவது அது. வேலையாட்கள் ஒன்பது பேரும் ஓடிவந்து, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி முழங்கையோடு முழங்கை கோத்துக் கரையிலிருந்து ஆழம் நோக்கி ஒரே வரிசையாகத் தண்ணீரில் இறங்கினார்கள்; ஆழப்பக்க முனையில் கெண்ட்ராவும் கை கோத்தாள். அடியைக் காலால் துழாவிக்கொண்டே நடக்க வேண்டும். கரைக்காவலர் நிறுத்தச் சொல்லும்வரை யாரும் கோத்த கையை விடக் கூடாது.

பாஸ்டர் மூச்சிரைக்க வந்தார். “எல்லாப் பிள்ளையும் இங்கதான நிக்குது! உனக்கென்ன பைத்தியமா?”

“சிவப்பு இருந்தா இறங்கணும். நீங்க எழுதின விதிதான்.”

“பிள்ளைங்க பயப்படுதுங்க மகளே...”

“அன்னைக்கு மொத்தத்தையும் திருப்பினது நீங்கதான?” கத்தியே கேட்டாள். “இன்னைக்காவது இறங்கித் தேடுங்க!”

ஒன்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறியது. பிறகு குனிந்து, செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, கால்சட்டையோடு இறங்கினார். ஆழப்பக்கம், கெண்ட்ராவுக்கு அடுத்த கடைசி இடம்தான் காலியாக இருந்தது. அவருடைய இடது கை கெண்ட்ராவின் கையோடு கோத்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

கரையில் பெரிய பிள்ளைகள் யாரோ மற்றவர்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுத்தார்கள். கைதட்டிப் பாடினார்கள். வரிசை நகர்ந்தது. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் முட்டிக்குக் கீழே கிணற்றுக் குளிர்ச்சியாகவும் இருந்தது. சேறு விரலிடுக்கில் பிதுங்கியது, பாசி காலைச் சுற்றியது, ஒவ்வோர் அடிக்கும் அந்த அழுகல் வாடை குமிழி குமிழியாக மேலே வந்தது.

இடுப்பளவு. மார்பளவு.

பாஸ்டர் நின்றார்.

அவருடைய நடுக்கம் நின்றுபோனதை அவள் கவனித்தாள். அவர் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. வரிசை அவரோடு முடிகிறது.

அவருடைய வலது முழங்கை வளைந்திருந்தது. அதற்குள் ஒரு கை. சின்னது. சாம்பல் நிறம். விரல்நுனியெல்லாம் சுருங்கி.

“பாஸ்டர்.”

அவர் நடக்க ஆரம்பித்தார். ஆழத்துக்கு.

இழுப்பு அவருடையது இல்லை. அவ்வளவு பலம் அவருக்குக் கிடையாது. கழுத்தளவு. அவளுக்குப் பின்னால் ஒன்பது பேரும் வழுக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ அழுதார்கள். கையை விடக் கூடாது. நிறுத்தச் சொல்ல வேண்டியவள் அவள்.

அவள் சொல்லவில்லை. கையை உருவிக்கொண்டாள். விட்டது பயத்தினால் மட்டும் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது.

அவர் கூப்பிடவில்லை. திரும்பவில்லை. தாடை மூழ்கியது. தலை மூழ்கியது. அவருக்கு அப்பால் தண்ணீர்மேல் ஒரு சின்னத் தலை எழுந்தது, ஈரமுடி ஒட்டி. அதற்கப்பால் இன்னொன்று. இன்னொன்று. வெர்னா சொன்னது ஒரு பிள்ளையைத்தான். ஏரியின் நடுவரை வரிசையாக நின்றன.

கரையில் பாட்டு நிற்கவில்லை.

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. யாரும் நகரவில்லை. பாஸ்டரின் இடது முழங்கை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வளைந்து நின்றது, அடுத்த கை கோத்துக்கொள்ள இடம் விட்டு.