விரல் நிற்பதற்கு முன்

கண்முன் ஆடிய ஹெட்விக்கின் விரல்கள் நின்ற பிறகும் வீபேயின் கண்கள் நிற்கவில்லை. இடம், வலம், இடம், வலம் என்று இன்னும் கொஞ்ச நேரம் தாமாகவே ஓடி, அப்புறம்தான் அடங்கின.

"போதும் வீபே, கையை எப்பவோ இறக்கிட்டேன்," என்று சிரித்தாள் அந்த மனநல மருத்துவர். "மூச்சை இழுத்து விடுங்க. இப்ப என்ன தெரியுது?"

தண்டவாளம் தெரிந்தது. பனிமூட்டம் தெரிந்தது. வீபே ரயில் ஓட்டுகிறவன். நவம்பரில் ஒருநாள், கேட் இல்லாத கிராசிங்கில், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறினாள். பிரேக்கை அழுத்தினான். ரயில் என்ன கைவண்டியா, பிடித்த இடத்தில் நிற்க? கடைசி நொடியில் அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தையே பார்த்தாள். அன்றோடு அவனுக்குத் தூக்கம் போயிற்று.

வைத்தியம் என்னவோ எளிமையானதுதான். அந்த முகத்தை மனதில் பிடித்துக்கொண்டு, ஹெட்விக்கின் ஆடும் விரல்களைக் கண்ணால் துரத்த வேண்டும். துரத்தத் துரத்தக் காட்சி வெளுத்துவிடும். விரல்கள் நின்ற பிறகு, முன்பே தேர்ந்தெடுத்த ஒரு பத்திரமான இடத்தை நினைத்து மனதை ஆற்றிக்கொள்ள வேண்டும். அவன் தேர்ந்தெடுத்தது தன் வீட்டு முன்னறையை. சாப்பாட்டு மேசை, தொங்கும் விளக்கு, எதிரே மனைவி ஃபெம்கே. விரல் நிற்கும்வரை அங்கே போகக் கூடாது என்று ஹெட்விக் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

இன்று போய்விட்டான். வேண்டுமென்றா போனான்? அசதி, எலும்புக்குள் இறங்கிய அசதி. விரல்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல், நினைப்பிலேயே வீட்டுக்கு ஓடி முன்னறைக்குள் நுழைந்துவிட்டான். பின்னால் சைக்கிள் சக்கரம் டிக் டிக்கென்று உருண்டு வந்ததுபோல் இருந்தது.

"தண்டவாளம் மட்டும்தான்," என்றான். "அவ இல்ல."

"அடடா! பாத்தீங்களா?"

"எங்க போயிருப்பா?"

"எங்க போனா உங்களுக்கென்ன? தொல்லை விட்டுதுன்னு போய்த் தூங்குங்க."

நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சொன்னால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி அந்த முகம். ஐயோ, முடியாது. ஒருநாள், ஒரே ஒருநாள் தூங்கினால் போதும். வாயை மூடிக்கொண்டான்.

வீடு வந்தபோது மழை தொடங்கியிருந்தது. உள்ளே பட்டாணி சூப்பின் வாசம், கறுப்பு ரொட்டி, விளக்கின் சூடு. எங்கள் ஊர்ப் பக்கம் முன்னறைச் சன்னலுக்கு யாரும் திரை போடுவதில்லை. உள்ளே விளக்கெரிய, தெருவே பார்க்க உட்கார்ந்து சாப்பிடுவோம். வீபே சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"ஒரு திரை வாங்கி மாட்டலாமா ஃபெம்கே?"

"எதுக்கு? உள்ள கள்ளநோட்டு அடிக்கிறாங்கன்னு தெருவே பேசவா? பேசாம சாப்பிடு. முகத்தைப் பாரு, சுருங்கிப்போன உருளைக்கிழங்கு மாதிரி."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. எவ்வளவு நாளாயிற்று சிரித்து! ஒரு வாய் சூப் குடித்தான். சூப்பின் வாசத்துக்கு அடியில் வேறொரு வாசம் மெல்ல எழுந்து வந்தது, ஈர இரும்பும் தீய்ந்த பிரேக்கும் கலந்த வாசம். மழைச் சத்தத்துக்கு அடியில், சன்னலுக்கு வெளியே, ஒரு சைக்கிள் சக்கரம் டிக் டிக்கென்று போனது, திரும்பியது, மறுபடி போனது.

"யாரது, இந்த மழையில?" என்றாள் ஃபெம்கே, அவன் தோளைத் தாண்டிப் பார்த்து. "நம்ம சன்னல் முன்னாடியே அங்கயும் இங்கயும் நடக்கிறா, பாவம். மஞ்சக் கோட்டு."

கோட்டின் நிறத்தை அவன் ஃபெம்கேயிடம் சொன்னதே இல்லை.

"பாக்காத."

"பாத்தா என்ன?"

அவள் கண்கள் இடப்பக்கம் போயின. வலப்பக்கம் வந்தன. இடம். வலம்.

"ஃபெம்கே, என்னைப் பாரு."

"முடியல," என்றாள். "கண்ணு தானா போகுது வீபே."

இடம். வலம். இன்னும் வேகமாக. கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. அவள் எடுக்கவில்லை.

சக்கரச் சத்தம் நின்றது.

அவள் கண்களும் நின்றன. சன்னலில் அல்ல. அதற்கும் இப்பால். அவன் தோளுக்கு மேலே.

கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். குளிர்ந்தது. பிறகு இன்னொன்று.

திரும்பக் கூடாது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று பார்த்தான். இமை இறங்கவில்லை.

அவன் காதோரமாக நனைந்த மஞ்சள் கோட்டுக் கை ஒன்று நீண்டு வந்தது. அவன் முகத்துக்கு நேரே இரண்டு விரல்களை உயர்த்தியது. மெல்ல ஆடத் தொடங்கியது.

இடம். வலம்.

வீபேயின் கண்கள் பின்னாலேயே போயின.