சிவப்புப் பால் நிலா

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“கண்ணு தெரியும்… பிரேக்தான் இல்ல!”

கொட்டுகிற மழையில் காஜா பேராங் சாலை ஓடையாகிக் கிடந்தது. மெர்டேக்கா சுதந்திர விழாவுக்குக் கட்டிய தாள் கொடிகள் சாயம் வழிந்து தொங்கின. அதன் கீழே, சேற்றில் மண்டியிட்டிருந்தாள் சந்திரமதி. அவளைச் சுற்றி நாற்பது அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் எட்டுச் சேலைகளின் மாதிரித் துண்டுகள், ஒவ்வொன்றின் கீழும் அவள் கையால் எழுதிய சேலைப் பெயர். ராத்திரி ஒட்டிய பசை ஊறி, துண்டுகள் கழன்று கழன்று தண்ணீரில் போய்க்கொண்டிருந்தன.

“ஐயோ… எங்க முதலாளி சோலையப்பச் செட்டியார் என்னைக் கொன்னுடுவாரு! இன்னைக்கு நாலு மணி தபால்ல இதெல்லாம் ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்குப் போகணும். இதைப் பார்த்துத்தான் அவங்க தீபாவளிச் சேலைக்கு எழுதுவாங்க…”

அவள்மேல் மோதிய சைக்கிளைப் போட்டுவிட்டு அவன் துண்டுகளைத் துரத்தினான். நெற்றியில் மழைக்கும் கரையாத விபூதிக் கீற்று. கை நிறைய வண்ணங்களை அள்ளிக்கொண்டு அவன் நிமிர்ந்தபோதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். பயந்த கண்கள்! மோதியவனுக்கு என்ன பயம்?

“என் வீடு பக்கம்… கம்போங் செட்டி. அம்மா இருக்கு. கரி அயர்ன் இருக்கு. வா, காயப்போடலாம்.”

“தெரியாத வீட்டுக்கா?”

“அப்ப மழையிலயே காயப்போடு.”

போனாள். வேறு வழி?

மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்திய அவன் அம்மா, “மாரி, மாசோக்!” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்து, துவட்டத் துண்டு கொடுத்தாள். அடுப்பில் மரவள்ளிமாவு பசையாகக் கொதித்தது. இஸ்திரிப் பெட்டியில் கரி சிவந்தது.

“உங்க பேரு?”

“தம்பிராஜா. நிலம் அளக்கிற ஆபீஸ். மேப்புக்கு கலர் போடுற வேலை.”

“நல்லதாப் போச்சு. இந்த இருபது நீங்க, அந்த இருபது நான். கீழ பேரு எழுதியிருக்கு பாருங்க, அதைப் பார்த்து ஒட்டுங்க. நேரமில்லை!”

அவன் அட்டையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டு தலையாட்டினான்.

செங் என்கிற ஊரிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறே மாதம் ஆகியிருந்தது அவளுக்கு. இந்த ஊர் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. அண்ணன் கருணாகரன் சொல்லித்தான் அனுப்பியிருந்தான்: “பொம்பளைப் புள்ள ஜவுளிக் கடைக்குப் போறதே எனக்குப் பிடிக்கல. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்புன்னு செட்டியார் வாயைத் திறக்கட்டும்… மறுநாளே சுப்பையன் வீட்டுக்குச் சரின்னு சொல்லிடுவேன்.” சுப்பையனுக்கு நாற்பத்தைந்து வயது. முதல் தாரம் போய் மூன்று மாதம்.

அந்த நினைப்பிலேயே அவள் கை ஓடியது. எதிரே அவன் ஒரு துண்டை எடுப்பதும், அவளை ஒரு பார்வை பார்ப்பதும், ஒட்டுவதும்… ‘என்ன, இப்படிப் பார்க்கிறான்?’ என்று நினைத்தாளே தவிர, அவன் ஒட்டியதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாலு மணித் தபாலில் அவள் கட்டு ஜாசின் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனது. அவன் கட்டு அலோர் காஜா பக்கம் போனது.

பிறகு அவளும் அந்தப் பக்கம் போகவில்லை, அவனும் வரவில்லை. ஆனால் கடைக்குப் போகும் வழியில் சைக்கிள் மணி கேட்டால் மட்டும்… சரி, அதை விடுங்கள்.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள். கடிதங்கள் சாக்குச் சாக்காக வந்தன. சுதந்திரம் கிடைத்த வருஷமாயிற்றே, ஜனங்கள் புதுத் துணி இல்லாமல் இருப்பார்களா! சந்திரமதி கடிதங்களைப் பிரித்துப் படிக்க, கிழக் கணக்குப்பிள்ளை அண்ணாமலை சேலை எடுத்துப் போட்டார்.

“மயில் கழுத்து ரெண்டு.”

“ஆச்சு.”

“பால் நிலா ஒண்ணு.”

“ம்.”

“பால் நிலா… மூணு.”

“என்னம்மா இது, இன்னமுமா?”

பால் நிலா என்றால் கரையில்லாத தூய வெள்ளை. தாலி அறுத்தவர்களுக்கென்று வருஷத்துக்கு நாலைந்து போகும். இன்று காலையில் மட்டும் முப்பத்தேழு! எல்லாம் அலோர் காஜா பக்கம்.

அங்கே என்ன நடந்தது? காய்ச்சலா? லாரி கவிழ்ந்ததா? முப்பத்தேழு வீட்டிலா ஒரே சமயத்தில்…?

“முதலாளி… எனக்கு பயமா இருக்கு. இத்தனை வெள்ளைச் சேலை…”

“கேட்டதை அனுப்பு ஆத்தா. ஏன், எதுக்குன்னு கேக்க நாம யாரு? நாலு மணிக்கு வண்டி வந்துரும்.” செட்டியாரின் குரலும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

அடுத்த கடிதம் நீல மையில் இருந்தது. ‘எங்கள் மகள் பாக்கியலட்சுமிக்கு இது தலைத் தீபாவளி. அட்டையில் முதலாவதாக உள்ள அந்தச் சிவப்பு, பால் நிலா, வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஒன்று அனுப்பவும்.’

சிவப்புப் பால் நிலா!

புதுப் பெண்… தலைத் தீபாவளி… பார்சலைப் பிரித்தால் உள்ளே வெள்ளைச் சேலை! அந்தத் தாய் என்ன செய்வாள்? மண்ணை வாரித் தூற்ற மாட்டாளா?

குடையை மறந்து ஓடினாள்.

சர்வே ஆபீஸ் வாசலில் சோற்றுப் பொட்டலத்தோடு நின்ற தம்பிராஜா, அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தான். “நீ… எனக்காகவா வந்த?”

“என்ன ஒட்டுனீங்க நீங்க? பால் நிலாவுக்கு மேல சிவப்பு! எழுதியிருக்கிறதைப் படிக்கவே இல்லையா?”

மலர்ந்த முகம் அப்படியே வாடியது.

“எனக்கு… தமிழ் எழுத்து தெரியாது. எங்க கம்போங்ல யாருக்கும் தெரியாது, வீட்டுல மலாய்தான். நான் பேசுறதே சிகிட் சிகிட்… கொஞ்சம் கொஞ்சம்.”

“நெத்தியில பட்டை அடிச்சா போதுமா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களால நான்…” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எந்த வரிசையில ஒட்டுனீங்கன்னாவது தெரியுமா?”

அவமானத்தில் தாடை இறுகி, பொட்டலத்தை மடித்துக்கொண்டு அவன் உள்ளே போய்விட்டான்.

அவ்வளவுதான். முடிந்தது. கடை வேலை போயிற்று… இனிச் சுப்பையன்தான்.

கடைக்குத் திரும்பினாள். மணி இரண்டரை. சொல்லாமல் இருந்துவிடலாமா? வண்டி ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும், யார் ஒட்டியது என்று? ஆனால் அந்தப் பாக்கியலட்சுமி… முகம் தெரியாத அந்தப் பெண் பார்சல் கயிற்றை ஆசையாய் அவிழ்ப்பது கண்ணுக்குள்ளேயே நின்றது.

நேராகச் செட்டியார் முன் போய் நின்றாள்.

“முதலாளி, வண்டியை அனுப்பாதீங்க. தப்பு நடந்துபோச்சு. பாதி அட்டையில துண்டு மாறியிருக்கு.”

“மாறியிருக்கா? யாரு மாத்துனது?”

“நான்…”

“நான், தவுக்கே… முதலாளி!”

வாசலில் சைக்கிள் சாய்ந்து விழுந்தது. தம்பிராஜா மூச்சு வாங்க நின்றான். “இந்தப் பொண்ணு தப்பு இல்ல. நான் சைக்கிள்ல மோதிட்டேன். நான் ஒட்டிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது… சொல்ல வெக்கம்.”

“சரிபார்க்காதது நான்தான் முதலாளி. அவர் மேல பழி வேணாம்.”

“ரெண்டு பேரும் சும்மா இருங்க!” செட்டியார் மேசையில் அடித்தார். “பழி யாருதா இருந்தா என்ன? எது எங்க மாறுச்சுன்னு தெரியாம எதை அனுப்புறது?”

“தெரியும் தவுக்கே. இருபது அட்டையும் ஒரே வரிசை. துண்டு குடுங்க.”

எட்டுத் துண்டுகள் மேசைக்கு வந்தன. அவன் யோசிக்கவே இல்லை. சீட்டுப் போடுவதுபோல் மளமளவென்று வைத்தான். முதலில் சிவப்பு. அடுத்து ஏலக்காய்ப் பச்சை. மயில் கழுத்து நீலம்… மாந்தளிர்… கடைசியில் வெள்ளை.

“கடுதாசில கலரும் சேர்த்து எழுதினவங்க யாராச்சும் இருக்காங்களா பாரு,” என்றார் செட்டியார்.

சந்திரமதி மீதமிருந்த கடிதங்களைப் பிரித்துப் புரட்டினாள். “இதோ… ‘பச்சை நிறத்தில் உள்ள மாம்பழ மஞ்சள்’… அட்டையில ரெண்டாவது பேரு, இங்கயும் ரெண்டாவது பச்சை. சரியா இருக்கு! இன்னொண்ணு… ‘நீலமாக இருக்கும் வெங்காயத் தோல்’… மூணாவது. இதுவும் சரி!”

செட்டியார் மெல்ல உட்கார்ந்தார். “முருகா… முப்பத்தேழு வீட்டுச் சாபத்துலேர்ந்து காப்பாத்துனே. ஆத்தா, எல்லாப் பார்சலையும் பிரி. காலைத் தபாலுக்குக் கட்டியாகணும். நீ கட்டாம வேற யாரு கட்டுவா? தம்பி, நீயும் உக்காரு. கயிறு கட்டவாவது தெரியுமா?”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொரு சேலையின் முனையிலும் மஞ்சள் தொட்டு வைத்தாள். அவன் கயிறு கட்டினான். வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல… படிக்கத் தெரியாதுன்னு?”

“சொன்னா நீ எல்லா அட்டையும் எடுத்துட்டுப் போயிடுவ.”

அவள் முடிச்சைக் குனிந்து பார்த்தாள். “அது சரி… எட்டுக் கலர் வரிசை எப்படி மறக்காம இருந்துச்சு?”

“எப்படி மறக்கும்? அன்னைக்கு உன்னைப் பார்த்துப் பார்த்துத்தானே ஒட்டினேன். முதல்ல சிவப்பு, நீ கட்டின சேலை. அப்புறம் பச்சை, உன் வளையல். நீலம், நனைஞ்ச முடி…”

“வெள்ளை ஏன் கடைசி?”

“உன் பல்லு மட்டும்தான் வெள்ளை. அன்னைக்கு நீ சிரிக்கவே இல்லயே…”

அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்துவிட்டாள்!

“ஹாங்… இப்ப பார்த்துட்டேன்.” அவன் சட்டென்று சிவப்புச் சேலை ஒன்றை எடுத்து அவள் முன் நகர்த்தினான். “எனக்கு ஒரு ஆர்டர். இது பேரு என்ன?”

“சாந்துப் பொட்டு.”

“அது ஒண்ணு. பார்சல் காஜா பேராங், கம்போங் செட்டிக்கு… எங்க வீட்டுக்கு.”

“யார் பேருக்கு?”

“எனக்குத்தான் எழுதத் தெரியாதே… உன் பேரை நீயே எழுது.”

பேனா காகிதத்தில் பட்டு நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டது. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல்…

“எங்க அண்ணனை நினைச்சா பயமா இருக்கு,” என்றாள் மெதுவாக.

“எனக்கும் பயம்தான். அன்னைக்கு உன்னைப் பார்த்ததிலேர்ந்தே பயம்தான். ஆனாலும் நாளைக்கு வருவேன். அம்மாவையும் கூட்டிட்டு வருவேன்.”

“வந்து என்னன்னு பேசுவீங்க? தமிழ்தான் சிகிட்டாச்சே…”

“உன்னை எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்வேன். அது முழுசாத் தெரியும்.”

சந்திரமதி சேலையின் முனையில் மஞ்சள் வைத்தாள். பிறகு குனிந்து, கடையிலேயே மிக அழகான எழுத்தில், தன் பெயரை எழுதினாள்.